குதிரைப் பந்தயம்: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்டி ரேஸ் கோர்ஸுக்கு அரசு சீல் வைத்த செய்தி 2024 செப்டம்பரில் வந்தது. அதிலிருந்து நாகர்கோவிலில் என்னைத் தெரிந்தவர்கள் ஒரே கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிண்டி தொழிற்பேட்டையில் வேலை பார்த்த காலத்தில் நான் ரேஸுக்குப் போனவன். பணம் கட்டியதைவிடக் குதிரை பார்த்ததுதான் அதிகம். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

நம் மாவட்டத்தில் எப்போதாவது ரேஸ் கோர்ஸ் இருந்திருக்கிறதா?

இருந்ததில்லை. இந்தியாவில் பழைய ரேஸ் கோர்ஸ்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: சென்னை, கொல்கத்தா, மும்பை, புனே, பெங்களூர், ஊட்டி. ஆங்கிலேயப் படையோ அதிகாரிகளோ திரளாக வாழ்ந்த ஊர்கள் அவை. நாம் 1956 நவம்பர் 1 வரை முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்தவர்கள். இங்கே பெரிய ஆங்கிலேயப் படை முகாம் இல்லை.

நிலமும் ஒரு காரணம். ஊட்டி ரேஸ் கோர்ஸ் சிறியது, அதற்கே 52 ஏக்கர் தேவைப்பட்டது. கிண்டி 160 ஏக்கர். நாஞ்சில் நாட்டில் சமதளம் கிடைத்த இடமெல்லாம் நெல் வயல். வயலை விட்டுக்கொடுத்துக் குதிரை ஓட விட இங்கே எவரும் சம்மதித்திருக்க மாட்டார்கள், அது சரியும்கூட.

அப்படியானால் நம் பக்கம் குதிரையே கிடையாதா?

உண்டு, ஆனால் வெளியிலிருந்து வந்ததாகவே உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்கோ போலோ, காயல் துறைமுகத்தில் அரபு நாட்டுக் குதிரைகள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியதை எழுதியிருக்கிறார். அந்தக் காயல் நமக்குப் பக்கத்தில், தாமிரபரணி கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. பராமரிக்கத் தெரியாததால் பெரும்பாலான குதிரைகள் ஓர் ஆண்டுகூடத் தாங்காமல் இறந்துபோயின என்றும், அதனாலேயே அடுத்த ஆண்டும் வாங்க வேண்டியிருந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். நம் வெக்கையும் ஈரமும் குதிரைக்கு ஒத்துவருவதில்லை.

அரசர்களுக்குப் பிறகு குதிரை வண்டிகள் வந்தன. இன்று நம் மக்கள் மனத்தில் குதிரை என்றால் வாகனம்தான். சுவாமிதோப்புத் திருவிழாவில் எட்டாம் நாள் அய்யா வைகுண்டர் வெள்ளைக் குதிரை வாகனத்தில் கலிவேட்டைக்குப் போவதைப் பார்க்கத் திரளும் கூட்டத்தை எந்த ரேஸ் கோர்ஸும் இங்கே கூட்டியிருக்க முடியாது.

வண்டிக் குதிரையும் ரேஸ் குதிரையும் ஒரே சாதிதானா?

இல்லை. ரேஸில் ஓடுவது தரோபிரெட் என்ற தனி இனம். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிழக்கு நாடுகளிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட மூன்று ஆண் குதிரைகள்தான் இதன் மூலம். உலகில் இன்று ஓடும் எந்த ரேஸ் குதிரையின் தந்தை வழியைப் பிடித்துப் போனாலும் அந்த மூன்றில் ஒன்றில்தான் முடியும். ஒவ்வொரு குட்டியின் பிறப்பும் வம்சமும் பதிவேட்டில் ஏறும். பதிவு இல்லாத குதிரை எவ்வளவு வேகமாக ஓடினாலும் ரேஸில் நிற்க முடியாது.

எடை ஏறக்குறைய 450 முதல் 500 கிலோ. மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடிக்கும். இந்தியாவில் புனே வட்டாரம், கர்நாடகத்தின் குனிகல் போன்ற இடங்களில் இவற்றை வளர்க்கும் பண்ணைகள் இருக்கின்றன.

நல்ல குதிரைதானே எப்போதும் ஜெயிக்கும்? அப்புறம் என்ன போட்டி?

அதைத் தடுக்கத்தான் எடை. பெரும்பாலான சாதாரண ரேஸ்களில் முன்பு நன்றாக ஓடிய குதிரை அதிக எடையையும், மட்டமாக ஓடியது குறைந்த எடையையும் சுமக்க வேண்டும். குதிரையை ஓட்டும் ஜாக்கியின் உடல் எடை போதாவிட்டால் சேணத்தில் ஈயத் தகடு வைப்பார்கள். ரேஸ் முடிந்ததும் ஜாக்கி சேணத்தோடு மறுபடியும் தராசில் ஏற வேண்டும். எடை பொருந்தாவிட்டால் வெற்றி பறிபோகும்.

டெர்பி போன்ற பெரிய கிளாசிக் ரேஸ்களில் இப்படிச் சமன் செய்வது கிடையாது. ஒரே வயதுக் குதிரைகள், பெண் குதிரைக்குத் தரும் சிறு சலுகை தவிர, சம எடையோடு மோதும். 1943 முதல் மும்பையில் நடக்கும் இந்தியன் டெர்பி 2,400 மீட்டர். தமிழ்நாட்டில் இந்தக் கிளாசிக் வெற்றிகளால் பெயர் பெற்றவர் 2015-ல் மறைந்த எம்.ஏ.எம். ராமசாமி. அவருடைய குதிரைகள் 500-க்கும் மேற்பட்ட கிளாசிக் ரேஸ்களை வென்றன.

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ரேஸ் பைத்தியம் என்று தாத்தா சொல்வாரே, அது உண்மையா?

சென்னையைப் பொறுத்தவரை உண்மை. கிண்டியில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே குதிரைகள் ஓடின. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் தொடங்கியது. முதலில் அது வெள்ளைக்காரர்களும் ஜமீன்தார்களும் கூடும் இடமாக இருந்தது. விடுதலைக்குப் பிறகு, குறிப்பாக 1950-களிலிருந்து, குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் சம்பளக் கவரோடு உள்ளே வந்தார்கள். சினிமாவில் ரேஸுக்குப் போய்க் குடும்பத்தைத் தெருவில் விட்ட கதாபாத்திரங்கள் அத்தனை வந்ததற்குக் காரணம், அப்படிப்பட்டவர்கள் நிஜத்தில் இருந்ததுதான்.

குமரியில் நிலைமை வேறு. நாகர்கோவிலுக்கு ரயிலே 1979-ல்தான் வந்தது. அதற்கு முன் சென்னைக்குப் போக வேண்டுமென்றால் திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ்ஸில் போய் ரயில் பிடிக்க வேண்டும். ரேஸ் மோகம் இங்கே வந்தது சென்னையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் வழியாகவும், ஆங்கிலப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வந்த குதிரைப் பட்டியல் வழியாகவும். உங்கள் தாத்தா சென்னையில் இருந்தவராக இருந்தால் அவர் சொன்னது அப்படியே சரி. ஊரிலேயே இருந்தவர் என்றால், அவர் காதால் கேட்டதைச் சொல்லியிருப்பார். நம் கடற்கரை ஊர்களை உண்மையில் ஆட்டிவைத்த விளையாட்டு கால்பந்து. தூத்தூர் பக்கம் போனால் இன்றும் அது தெரியும்.

ரேஸ் என்பது சூதாட்டம்தானே? சட்டம் எப்படி அனுமதிக்கிறது?

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாடு இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்கு நடத்தியிருக்கிறது. 1974-ல் மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது, குதிரைப் பந்தயத்தையும் அதில் பணம் கட்டுவதையும் ஒழிக்கச் சட்டம் இயற்றப்பட்டது. கிளப் நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது, ரேஸ் நிற்கவில்லை. 1986-ல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்த இன்னொரு சட்டம் கொண்டுவந்தது. இரண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1996 ஜனவரி 12 அன்று டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றை எடைபோட்டு முடிவு செய்வதால் இது பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம், சூதாட்டம் ஆகாது என்றது நீதிமன்றம். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றும் ஆனது.

என் கருத்தைக் கேட்டால், தீர்ப்பு ஓட்டத்தைப் பற்றிச் சரியாகச் சொல்கிறது. குதிரையை வளர்ப்பவருக்கும் பழக்குபவருக்கும் ஓட்டுபவருக்கும் அது முழுக்க முழுக்கத் திறமை. ஆனால் குதிரையை அருகில்கூடப் பார்க்காமல், யாரோ தந்த டிப்ஸை நம்பிச் சம்பளத்தைக் கட்டியவருக்கு அது சூதாட்டமாகத்தான் இருந்தது. இரண்டும் ஒரே மைதானத்தில் நடந்தன.

டோட், புக்கி என்கிறார்களே, இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

டோட் என்பது கிளப் நடத்தும் பொதுக் கணக்கு. எல்லோரும் கட்டிய பணம் ஒரே இடத்தில் சேரும். கிளப்பின் பங்கும் வரியும் கழிந்த பிறகு மீதியை வென்றவர்கள் பிரித்துக்கொள்வார்கள். அதனால் எல்லோரும் விரும்பும் குதிரை வென்றால் கிடைப்பது சொற்பம், யாரும் கண்டுகொள்ளாத குதிரை வென்றால் கொள்ளை. புக்கி அப்படியல்ல. ரேஸ் கோர்ஸுக்குள் உரிமம் வாங்கிய அவர் ஒன்றுக்கு இவ்வளவு என்று தானே விகிதம் அறிவிப்பார். நீங்கள் கட்டும்போது இருந்த விகிதம் உங்களுக்கு உறுதி.

டோட்டில் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு வெளியே போய்விடுவதால், விளையாடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் தோற்றுத்தான் ஆக வேண்டும். ஒருவர் ஜெயிக்கலாம், கூட்டம் ஜெயிக்க முடியாது. “ஒரு நிச்சயமான குதிரை இருக்கிறது” என்று காதோடு சொல்பவரிடம் இதைக் கேளுங்கள்: நிச்சயம் என்றால் அவர் ஏன் அதை உங்களிடம் சொல்கிறார்?

அண்ணாச்சி, லாட்டரியைத் தடை செய்தார்கள், ரேஸை மட்டும் ஏன் விட்டார்கள்?

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-ல் தடை வந்தது. லாட்டரி குலுக்கலில் திறமைக்கு இடமே இல்லை, அதனால் மேலே சொன்ன 1996 தீர்ப்பின் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. ரேஸ் தப்பியது அந்தத் தீர்ப்பால்தான்.

நம் மாவட்டத்தில் இதை உணர்வது சுலபம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரள அரசின் லாட்டரிக் கடைகள் வரிசையாக இருக்கும். 1967 முதல் கேரள அரசே நடத்தும் லாட்டரி அது. அந்தச் சீட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்றால் வழக்கு. ரேஸுக்குச் சென்னை வரை போக வேண்டும், லாட்டரிக்கு எல்லை தாண்டினால் போதும். இங்கே அதிர்ஷ்டத்தைத் தேடியவர்கள் எதன் பக்கம் போயிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு காலத்தில் அவ்வளவு கூட்டம் என்றால், இப்போது ஏன் யாரும் பேசுவதே இல்லை?

இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். பல காரணங்கள் சொல்வார்கள்: கிரிக்கெட் வந்தது, தொலைக்காட்சி வந்தது, வார இறுதிக்கு வேறு பொழுதுபோக்கு வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் கால்பந்தும் கபடியும் இதே கிரிக்கெட்டைத் தாங்கி நிற்கின்றன. ரேஸ் மட்டும் ஏன் சரிந்தது?

ரேஸுக்கு வந்த கூட்டத்தில் மிகப் பெரும்பான்மை குதிரைக்காக வரவில்லை, பணம் கட்ட வந்தது. பல ஆண்டுகள் சட்டப்படி பணம் கட்டி ஆட ரேஸ் கோர்ஸைப் போல இன்னோர் இடம் இருக்கவில்லை. பிறகு லாட்டரிச் சீட்டு தெருமுனைக்கு வந்தது. அதன் பிறகு செல்போனில் ரம்மி வந்தது, கிரிக்கெட் அணி சேர்த்துப் பணம் கட்டும் ஆட்டங்கள் வந்தன. பணம் கட்ட மட்டுமே வந்தவர்கள், வேறு இடம் கிடைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு ரேஸ், அது ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், நடுவில் காத்திருக்க வேண்டும். செல்போன் யாரையும் காத்திருக்க வைப்பதில்லை.

கிளப்புகளும் இதற்கு உதவின. மற்ற ஊர் ரேஸ்களைத் திரையில் காட்டி அதற்கும் பணம் வாங்கத் தொடங்கியபோது வருமானம் கூடியது. ஆனால் மைதானத்துக்கு வந்தவர்களின் கண் குதிரையிலிருந்து திரைக்குப் போனது. கிண்டியில் ஜன்னலில் பணம் கட்டிவிட்டு, பத்தடி தள்ளி ஓடும் குதிரைகளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழந்தைகளை அழைத்துவந்து குதிரை காட்டவோ, பள்ளி மாணவர்களுக்கு லாயத்தைத் திறந்துவிடவோ யாரும் பெரிதாக முனையவில்லை. அதனால் அடுத்த தலைமுறைக்கு ரேஸ் என்றால் தாத்தாவின் கெட்ட பழக்கம் என்பதாக மட்டும் தெரிந்தது.

வரியால்தான் ரேஸ் அழிந்தது என்கிறார்களே?

வரி பெரிய அடிதான், ஆனால் முந்தைய பதிலில் சொன்ன சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ரேஸ் பணத்துக்கு 28 சதவீதம். கிளப்பின் கமிஷன் மீது மட்டும் வரி போடுங்கள் என்று கிளப்புகள் வழக்காடின. கட்டும் முழுத் தொகை மீதும்தான் வரி என்று 2023 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

இதன் இன்னொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. வரி ஏற ஏற, கணக்கில் வராத புக்கியிடம் கட்டும் ஆசையும் ஏறும். அங்கே அரசுக்கும் ஒன்றும் கிடைக்காது, குதிரையை வளர்ப்பவருக்கும் ஒன்றும் கிடைக்காது.

கிண்டியையும் ஊட்டியையும் அரசு ஏன் எடுத்துக்கொண்டது? சூதாட்டத்துக்கு எதிராகவா?

இல்லை, குத்தகைப் பாக்கிக்காக. கிண்டி நிலம் 1946 முதல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை ஆண்டுக்கு ரூ.614 சொச்சம். 1970 முதல் வாடகையை உயர்த்த அரசு முயன்றது, கிளப் ஏற்கவில்லை. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் ரூ.730 கோடிக்கு மேல் பாக்கியைச் செலுத்தச் சொன்னது. 2024 செப்டம்பரில் குத்தகை ரத்து செய்யப்பட்டது. அதற்கு முன்பே, ஜூனில், ரூ.822 கோடி பாக்கிக்காக ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை வருவாய்த் துறை எடுத்துக்கொண்டது.

நகரின் நடுவில் அத்தனை ஏக்கரை அந்த வாடகைக்கு வைத்திருப்பது நியாயமில்லை என்பதே என் எண்ணமும். பூங்காவும் குளமும் வந்தால் எல்லோருக்கும் பயன். ஆனால் இந்தச் செய்தியில் விடுபட்டுப்போனவர்கள் உண்டு. குதிரையைக் குளிப்பாட்டித் தீனி வைக்கும் சைஸ்கள், அதிகாலையில் பயிற்சிக்கு ஓட்டுபவர்கள், லாடம் அடிப்பவர்கள். பல குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக இது ஒன்றுதான் தெரிந்த தொழில். பாக்கியைப் பற்றி நடந்த விவாதத்தில் பத்தில் ஒரு பங்குகூட இவர்களைப் பற்றி நடக்கவில்லை.

வெளிநாடுகளிலும் இதே கதைதானா? என் மகன் துபாயில் ரேஸ் கூட்டம் அலைமோதுகிறது என்கிறானே?

சிங்கப்பூரில் 180 ஆண்டுகளுக்கு மேல் நடந்த ரேஸ் 2024 அக்டோபரோடு முடிந்தது, நிலம் குடியிருப்புக்குப் போகிறது. மக்காவ் அதே ஆண்டு மார்ச்சில் நிறுத்தியது. கிண்டி தனி ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் மகன் சொல்வதும் சரி. துபாய் உலகக் கோப்பை 1996 முதல் நடக்கிறது. அங்கே ரேஸில் பணம் கட்ட நீண்ட காலமாகச் சட்டம் அனுமதித்ததில்லை. வெல்லும் குதிரைகளைச் சரியாகச் சொன்னால் பரிசு தரும் இலவசப் போட்டிதான் உண்டு. அப்படியும் மெய்தான் மைதானம் நிரம்புகிறது. ஜப்பானில் பணம் கட்டலாம், ஆனால் குதிரைக்கே ரசிகர்கள் இருக்கிறார்கள். 1990 ஜப்பான் டெர்பியை நேரில் பார்த்தவர்கள் 1,96,517 பேர். ஹரு உராரா என்ற பெண் குதிரை 113 ரேஸ் ஓடி ஒன்றில்கூட வெல்லவில்லை, ஆனாலும் 2004 வாக்கில் அந்த நாடே அதைக் கொண்டாடியது. நம் ஊரில் தோற்ற குதிரையின் பெயர் மாலைக்குள் மறந்துவிடும்.

மாட்டு வண்டிப் பந்தயத்துக்கு இன்றும் கூட்டம் வருகிறதே, அது எப்படி?

மாடு வீட்டில் வளர்ந்தது. திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட விடுகிறார்கள், சில ஊர்களில் குதிரை வண்டியும் ஓடுகிறது. ஓடுவது பக்கத்து ஊர்க்காரரின் மாடு, ஓட்டுவது தெரிந்த பையன். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு இதையும் தடுத்தபோது ஊர்கள் கொதித்தன. 2017-ல் சட்டத் திருத்தம் வந்தது, 2023 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. கிண்டிக்காக யாரும் மெரினாவுக்குப் போகவில்லை. மாட்டைத் தங்களுடையது என்று நினைத்தவர்கள் ரேஸ் குதிரையை அப்படி நினைத்ததே இல்லை.

கால் முறிந்தால் சுட்டுக் கொல்கிறார்களாமே, இது கொடுமை இல்லையா?

இப்போது பெரும்பாலும் ஊசி போட்டு முடிக்கிறார்கள். குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை, எலும்பும் தசைநாணும் தோலும்தான். அரை டன் உடலைத் தாங்க நான்கு காலும் வேண்டும். ஒன்றைத் தூக்கிக்கொண்டால் மற்றவற்றின் குளம்புக்குள் அழற்சி வந்து நோயாகிவிடும், நீண்ட நாள் படுக்க வைக்கவும் முடியாது. அதனால் மோசமான முறிவில் உயிரைக் காப்பது அரிது.

சவுக்கடிக்கு வரம்பு உண்டு, வென்ற குதிரைக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை. ஐந்தாறு ஆண்டில் ஓட்டம் முடிந்துவிடும், குதிரை இருபத்தைந்து ஆண்டுகூட வாழும். சில குதிரைப்படைக் காவலுக்கும் சவாரிப் பள்ளிக்கும் போகின்றன. கல்யாண ஊர்வலத்திலும் கடற்கரை மணலிலும் எலும்பு தெரிய நிற்பவற்றில் பழைய ரேஸ் குதிரைகளும் உண்டு. ஒரு குதிரையின் மீது இத்தனை ஆண்டு பணம் வாங்கிய அமைப்பு அதன் முதுமைக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

நாகர்கோவிலில் இருந்தபடியே செல்போனில் ரேஸுக்குப் பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். சட்டம் தந்த சலுகை ரேஸ் கோர்ஸ் வளாகத்துக்கு உள்ளே உரிமத்தோடு நடப்பதற்குத்தான். டீக்கடையில் சீட்டு எழுதுபவரும் செல்போனில் லிங்க் அனுப்புபவரும் அந்தப் பாதுகாப்புக்குள் வரமாட்டார்கள். பணம் வராவிட்டால் எந்தக் காவல் நிலையத்திலும் போய் நீங்கள் நியாயம் கேட்க முடியாது.

என் மகன் குள்ளமாக, ஒல்லியாக இருக்கிறான். ஜாக்கி ஆக்கலாமா?

உயரம் ஒரு தடையல்ல என்பது மட்டுமே அதிலிருந்து தெரிகிறது. ஐம்பது கிலோ சுற்றுவட்டத்திலேயே உடலை வைத்திருக்க வாழ்நாள் முழுவதும் வயிற்றைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு ரேஸின் பின்னாலும் ஓர் ஆம்புலன்ஸ் ஓடிவரும், அது சும்மா வருவதில்லை. பெண்களும் இதில் உண்டு. சென்னையில் வளர்ந்த ரூபா சிங் ஆண்களோடு சமமாக ஓட்டி வென்றவர். பந்தய மன்றங்களின் பயிற்சிப் பள்ளி வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கிண்டியின் நிலை நீதிமன்ற வழக்குகளில் இருப்பதால் இன்று யோசிக்க வேண்டிய ஊர்கள் பெங்களூர், ஹைதராபாத், மும்பை, புனே. முதலில் பையனுக்குக் குதிரை பிடிக்கிறதா என்று பாருங்கள். பயப்படுகிறான் என்றால் விட்டுவிடுங்கள்.

பணம் கட்டாமல் ரேஸ் பார்க்க முடியுமா? பார்த்து என்ன கிடைக்கும்?

தாராளமாக முடியும். நுழைவு டிக்கெட் எடுத்தால் போதும், பணம் கட்டச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. நமக்குச் சுலபமான இடம் பெங்களூர். கன்னியாகுமரியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நேரடி ரயில் இருக்கிறது, ரேஸ் கோர்ஸ் ரயில் நிலையத்திலிருந்து தொலைவு இல்லை.

போனால் ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்கில் நில்லுங்கள். காதுகள் எந்தப் பக்கம் திரும்புகின்றன, எது வியர்த்திருக்கிறது, எது சைஸின் தோளில் முகம் வைக்கிறது என்று பாருங்கள். பிறகு கடைசி இருநூறு மீட்டர் அருகில் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றால் குளம்புச் சத்தம் காலுக்கடியில் மண்ணில் ஏறுவது தெரியும். எல்லா நாளும் அங்கே குதிரை ஓடாது, திரையில் வேறு ஊர் ரேஸ் மட்டும் காட்டும் நாட்களும் உண்டு. ஓட்டம் அங்கேயே நடக்கும் நாள்தானா என்று விசாரித்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள்.